முட்டு வருத்தமும் உதவிப்பணமும்

கை இழந்த ஒருவரைக் கண்டால் உத்தியோகத்தருக்கு உடனே விளங்கிவிடும். காலை இழுத்து நடப்பவரைக் கண்டாலும் விளங்கும். மூச்சு முட்டுகிறவரின் நிலை அப்படியல்ல. பிரதேச செயலகத்து வாங்கில் அரை மணித்தியாலம் இருந்து ஆறிய பின்னர், மேசைக்கு முன்னால் போய் நிற்கும்போது அவரும் சுகதேகியைப் போலத்தான் தெரிவார். "நடந்துதானே வந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி வரும். "ஓம்" என்று உண்மையைச் சொல்லுவார். அத்தோடு கதை முடிந்துவிடும். வழியில் எத்தனை இடத்தில் நின்றார், மதிலைப் பிடித்துக்கொண்டு எத்தனை தரம் மூச்சு வாங்கினார் என்று அவரும் சொல்லுவதில்லை, மற்றவரும் கேட்பதில்லை.

இந்தப் பாடத்தில் இதனைப் பற்றித்தான் பார்க்கப்போகின்றோம். தொய்வு, இழுப்பு, முட்டு என்று நாம் பல பெயரில் சொல்லும் நாட்பட்ட சுவாச நோயினால் உழைக்க முடியாமற்போன ஒருவர், இயலாமை உதவிப்பணத்துக்கு எவ்வாறு விண்ணப்பிக்கலாம்?

கற்பிட்டியிலிருந்து பாலாவி, முந்தல் வரையுள்ள கரையோரத்தில் இந்த நோய்க்குக் காரணங்கள் குறைவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது இங்கு வந்து சேர்ந்த கமக்காரக் குடும்பங்கள், கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக விறகு அடுப்புப் புகைக்குள் வாழ்ந்தன. பின்னர் போர் காரணமாக வந்த தமிழ்க் குடும்பங்களும் அப்படியே. வயலை விட்டு வந்தவர்கள் மணல் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கூலிக்கு மருந்தடித்தார்கள். மூக்குக்கு ஒரு துணிகூட இல்லாமல் அடித்தார்கள். புகையிலை வேலை, சீமெந்துத் தூசு, பீடி, சிகரட் எல்லாம் இதனோடு சேர்ந்தன. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 2011இல் முதலாவது தொகுதியையும் 2014இல் மற்ற இரண்டு தொகுதிகளையும் இயக்கத் தொடங்கிய பின்னர் சாம்பல் தூசும் பேச்சுக்கு வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உதவிப்பணம் கேட்பதற்கு நோய் எதனால் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அது நட்டஈடு கேட்பவருக்குரிய வேலை. பலர் விண்ணப்பக் கடிதத்தில் முக்கால்வாசியைத் தூசையும் சாம்பலையும் பற்றியே எழுதி, தம்மால் என்ன செய்ய முடியவில்லை என்பதனை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பக்கத்தைத் திருப்பிப் போட வேண்டும்.

எந்தப் பெட்டிக்குள் போவது?

2023 யூலையில் அஸ்வெசும திட்டம் தொடங்கியபோது, 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் குடும்பங்களுக்கான கொடுப்பனவுகளோடு மூன்று வகையான தனியாள் கொடுப்பனவுகளும் அறிவிக்கப்பட்டன. முதியோருக்கு ஒன்று, சிறுநீரக நோயாளருக்கு ஒன்று, இயலாமையுடையோருக்கு ஒன்று. இயலாமையுடையோருக்கு அப்போது மாதம் 5,000 ரூபாய். பின்னர் அது 7,500 ஆகி, 2025இல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. சிறுநீரக நோயாளருக்கும் அதே தொகைதான்.

சிறுநீரகத்துக்கு ஒரு பெட்டி இருக்கிறது, சுவாசப்பைக்கு இல்லை. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய் நாடறிந்த துயரமாகியது, அதற்கென ஒரு வழி திறந்தது, நல்லதுதான். மாகாண சமூக சேவைத் திணைக்களங்கள் வழங்கும் நோயாளர் உதவியிலும் காசநோய், தொழுநோய், புற்றுநோய், தலசீமியா என்பவற்றுக்கு இடமுண்டு. தொய்வுக்கும் நாட்பட்ட சுவாச அடைப்புக்கும் அவ்வாறு தனியிடம் கிடையாது. ஆகவே முட்டு வருத்தக்காரர் "எனக்கு இன்ன நோய்" என்று சொல்லி உள்ளே போக முடியாது. "எனக்கு இன்ன இயலாமை" என்று சொல்லித்தான் போகவேண்டும்.

அதற்கு அடிப்படை உண்டா? உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் கையையும் காலையும் மட்டும் சொல்லவில்லை. உடல் அல்லது உள ஆற்றலில் ஏற்பட்ட குறைவினால், வாழ்க்கைக்குத் தேவையானவற்றை முழுவதுமாகவோ பகுதியாகவோ தாமாகவே தேடிக்கொள்ள முடியாதவர் என்பதே அதன் கருத்து. குறைபாடு பிறவியிலேயே இருக்கவேண்டும் என்றும் இல்லை. "பகுதியாகவோ" என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு மணித்தியாலம் தோட்டத்தில் நின்று பாத்தி கட்டுகிறவர், "நான் வேலை செய்வதே இல்லை" என்று பொய் சொல்லத் தேவையில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முடியாது என்று சொன்னாலே போதும். முன்பு விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை நின்றேன் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

தனியாள் கொடுப்பனவு ஒருபுறமிருக்க, அஸ்வெசும குடும்பத் தெரிவும் இருக்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துக்கள், வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு விடயங்களை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். சுகாதாரம் என்ற இடத்தில் வீட்டிலுள்ள நாட்பட்ட நோயாளரும் கணக்கில் வருவர். தகவல் எடுக்க வந்த பிள்ளையிடம் "வீட்டில் வருத்தக்காரர் யாரும் இல்லை" என்று வெட்கத்தில் சொன்ன வீடுகள் உண்டு. இது வெட்கப்படும் இடமல்ல.

கடிதத்தில் என்ன எழுதுவது?

ஒரு கமக்காரரை எடுத்துக்கொள்வோம். ஐம்பத்தாறு வயது, முசலிப் பக்கத்தில் வயல் செய்தவர், இப்போது கற்பிட்டியில் இருக்கிறார். அவர் இப்படி எழுதுகிறார்: "நான் பல வருடங்களாகத் தொய்வு நோயினால் கஷ்டப்படுகிறேன். வறுமையில் வாடுகிறேன். தயவுசெய்து உதவி செய்யவும்." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதே கடிதத்தை நூறு பேர் எழுதுகிறார்கள். வாசிப்பவருக்கு இவரின் நாளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அவரே இப்படியும் எழுதலாம்: "வீட்டிலிருந்து கிணற்றுக்கு அறுபது எட்டு. இடையில் ஒரு தரம் நின்றுதான் போகிறேன். ஒரு வாளி தண்ணீர் தூக்க முடியாது. மருந்து டாங்கியை முதுகில் போட முடியாது. குளித்து உடுப்பு மாற்றினால் பத்து நிமிடம் இருந்து ஆற வேண்டும். கடந்த மூன்று மாதத்தில் பதினொரு இரவு படுக்க முடியாமல் கதிரையில் இருந்தே விடிந்தது. இரண்டு தரம் வைத்தியசாலையில் நின்றேன்." இதில் அழுகை இல்லை, எண்ணிக்கை இருக்கிறது. எண்ணிக்கையை யாரும் இலகுவில் தட்டிவிட முடியாது.

இதற்கு ஒரு பழைய அப்பியாசக் கொப்பி போதும். மூன்று மாதத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வரி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே எழுதலாம். வேலைக்குப் போன நாள், போகாத நாள், இரவு எழும்பிய தரம், ஆவி பிடிக்க ஆஸ்பத்திரிக்கு ஓடிய திகதி, இவ்வளவுதான். முட்டு வருத்தம் ஒரே சீராக இருப்பதில்லை. கச்சான் காற்றில் ஒரு மாதிரி, மாரியில் ஒரு மாதிரி. வீடு பார்க்க உத்தியோகத்தர் வரும் நாள் நல்ல நாளாக அமைந்துவிட்டால், கெட்ட நாட்களுக்குச் சாட்சி அந்தக் கொப்பிதான்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியது

விண்ணப்பப் படிவத்தைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பெறலாம். வதிவிடத்தையும் வருமானத்தையும் கிராம அலுவலர் உறுதிப்படுத்துவார். நோயின் பகுதியை அரசாங்க வைத்தியர் நிரப்ப வேண்டும். இந்த இடத்தில்தான் அநேகமான முட்டு வருத்தக்காரரின் விண்ணப்பங்கள் விழுந்துவிடுகின்றன. ஐம்பது பேர் வரிசையில் நிற்கும் கிளினிக்கில் வைத்தியர் "தொய்வு நோயாளி" என்று இரண்டு சொல் எழுதிக் கையொப்பமிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்களுக்கு எது தேவை என்று நாங்கள் கேட்டால்தான் அவருக்குத் தெரியும்.

முதலாவதாக, குழாயில் ஊதிப் பார்க்கும் சுவாசப் பரிசோதனை. முழு மூச்சை இழுத்து, முதல் ஒரு செக்கனில் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறீர்கள் என்று அந்த இயந்திரம் அளக்கும். உங்கள் வயதும் உயரமும் உள்ள சுகதேகி தள்ளும் அளவோடு ஒப்பிட்டு நூற்றுவீதம் போடுவார்கள். நாட்பட்ட சுவாச அடைப்பு நோயில் 50க்கும் 79க்கும் இடையில் இருந்தால் நடுத்தரம், 30க்கும் 49க்கும் இடையில் கடுமை, 30க்குக் கீழ் மிகக் கடுமை என்பது உலகெங்கும் வைத்தியர்கள் பின்பற்றும் அளவு. உங்கள் கிளினிக்கில் அந்த வசதி இல்லையென்றால், மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கோ பெரிய வைத்தியசாலைக்கோ கடிதம் தரும்படி கேளுங்கள். நாட்டின் சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை வெலிசறையில் இருக்கிறது. தொய்வுள்ளவருக்கு இந்தப் பரிசோதனை சில நாளில் நன்றாகவே வரலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களுக்கு ஆஸ்பத்திரியில் நின்ற துண்டுகள்தான் பலமான சாட்சி.

இரண்டாவதாக, மூச்சிரைப்பின் படி. மேட்டில் ஏறினால் மட்டும் இரைப்பதா, சம நிலத்தில் ஒத்த வயதினரோடு நடக்க முடியாதா, நூறு மீற்றர் நடந்தால் நிற்க வேண்டுமா, உடுப்பு மாற்றவே இரைக்கிறதா என்று வைத்தியர்கள் படி போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் படியை எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். "கடும் உடலுழைப்புக்கு ஏற்றவரல்ல, நிலை நிரந்தரமானது" என்பது உண்மையானால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் சளியைச் சோதிக்க வேண்டும். காசநோய் என்றால் சிகிச்சை இலவசம். சிகிச்சைக் காலத்து உதவியையும் கேட்கலாம். காசநோய் மாறிய பின்னரும் சுவாசப்பையில் தழும்பு நின்று மூச்சு முட்டுவதுண்டு. "நோய்தான் சுகமாகிவிட்டதே" என்று உதவி நின்றுபோனால், மிஞ்சிய மூச்சு முட்டுக்காக இயலாமை என்ற வழியில் புதிதாக விண்ணப்பிக்கலாம். இதைப் பலர் அறிவதில்லை.

வருத்தம் கூடத் தெரியவேண்டும் என்று பரிசோதனைக்கு முன் மருந்தை நிற்பாட்டுவது உயிரோடு விளையாடும் வேலை. மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதவைத்துத்தான் பார்க்கிறார்கள். எந்த மருந்தை எப்போது எடுப்பது என்று கிளினிக்கில் சொல்வதையே கேளுங்கள்.

"நீங்கள் இந்த ஊரா?"

இடம்பெயர்ந்தவருக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. வாக்குப் பதிவு மன்னாரில், குடியிருப்பு புத்தளத்தில். 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இடம்பெயர்ந்தோர் சொந்த இடத்தில் வாக்காளராகப் பதிய வழி செய்தது. அதைப் பயன்படுத்திய குடும்பங்களிடம் இங்குள்ள அலுவலகம் "அங்கே போய்க் கேளுங்கள்" என்கிறது. அங்கே போனால் "நீங்கள் இங்கே வசிப்பதில்லையே" என்கிறார்கள். இரண்டு இடத்திலும் விண்ணப்பம் போடுவது புத்தியல்ல. இரட்டைப் பதிவென்று இரண்டும் அடிபடும். எங்கே படுத்து எழும்புகிறீர்களோ, எந்தக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறீர்களோ, அங்கேயே விண்ணப்பியுங்கள். மின்சாரத் துண்டு, பிள்ளையின் பாடசாலைக் கடிதம், கிளினிக் கொப்பியின் முதற்பக்கம் மூன்றும் வதிவிடத்துக்கு நல்ல சான்று. பழைய நிவாரண அட்டை இருந்தால் அதன் பிரதியையும் இணையுங்கள். எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறீர்கள் என்பதை அது சொல்லும்.

1990இல் பத்திரங்களை விட்டு வந்தவர்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேட்கலாம். பதிவேடே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் சிங்களத்தில் இருந்தால் வெறும் படிவத்தில் கையொப்பமிடாதீர்கள். தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது.

இல்லை என்று சொன்னால்

2023இல் இயலாமைக் கொடுப்பனவு 72,000 பேருக்கு என்று எண்ணிக்கை வைத்தே ஒதுக்கப்பட்டது. ஆகவே தகுதி இருந்தும் காத்திருப்போர் பட்டியலில் நிற்க நேரிடலாம். "பிறகு பார்ப்போம்" என்ற வாய்ப்பேச்சோடு திரும்பி வராமல், பட்டியலில் உங்கள் இலக்கம் எத்தனை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அதே அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பியுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். அஸ்வெசும தெரிவு பற்றிய முறைப்பாடுகளுக்கு 1924 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. மேன்முறையீட்டுக்குத் திகதி குறிப்பிடுவார்கள். அந்தத் திகதி தவறினால் நியாயம் இருந்தும் பயனில்லை. தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம். இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது.

வேறு கதவுகளும் உள. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படியான கமக்காரர் ஓய்வூதியத்தில் ஊரில் இருந்தபோது பணம் கட்டியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். நிரந்தர இயலாமைக்கும் அதில் உதவி உண்டு என்பதை அவர்களிற் பலர் மறந்தே போனார்கள். புத்தகம் தொலைந்திருந்தாலும், அடையாள அட்டை இலக்கத்தோடும் பழைய கிராமத்தின் பெயரோடும் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். உப்பளத்திலோ தொழிற்சாலையிலோ ஊழியர் சேமலாப நிதி வெட்டிச் சம்பளம் வாங்கியவர், நிரந்தரமாக உழைக்க முடியாமற்போனால் வயது வரும்வரை காத்திராமல் அந்தப் பணத்தைக் கோரலாம். தொழில் திணைக்களத்தில் கேட்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கிளினிக் கொப்பியையும் ஆஸ்பத்திரித் துண்டுகளையும் கொண்டு வாருங்கள். குழுவில் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் உத்தியோகத்தராகக் கேள்வி கேட்க மற்றவர் பதில் சொல்லிப் பழகலாம். "நடந்துதானே வந்தீர்கள்?" என்ற கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். எங்கள் பகுதியில் முட்டு வருத்தத்தோடு எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் ஊதும் பரிசோதனை செய்திருக்கிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். சுவாச நோயாளருக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று பிரதேச செயலாளரிடம் கேட்கப் போகும்போது அந்த எண்ணிக்கை கையில் இருக்கவேண்டும்.