வாயைக் கெடுப்பது கை

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. பெர்த்ஷயர் குளிரைப் பற்றியும் பண்ணைச் சாப்பாட்டைப் பற்றியும் நீ எழுதியதையெல்லாம் வேகமாகத் தாண்டிக் கடைசிப் பத்தியில் வந்து நின்றுவிட்டேன். உன் பொறுப்பில் விட்டிருக்கும் கறுப்பு லாப்ரடார் குட்டி, வேட்டைப் பறவைக்குப் பதிலாக எறியும் டம்மிப் பொதியைப் பாய்ந்து எடுக்கிறான், ஆனால் வரும் வழியெல்லாம் மென்றுகொண்டே வருகிறான் என்கிறாய். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், டம்மிக்குள் ஆணி வைத்துத் தைத்துவிட்டால் ஒரே நாளில் திருந்திவிடுவான் என்றாராம். “செய்யலாமா சார்?” என்று கேட்டிருக்கிறாய்.

செய்யாதே. கால்நடை மருத்துவம் படித்த ஒருவன் இதைக் கேட்கலாமா என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், கேட்காமல் செய்துவிடாமல் இருந்தாயே, அதுவரைக்கும் சரி.

இந்த ஆணி வைத்தியம் பழசு. முயல் தோலுக்குள் கம்பியைச் செருகி எடுக்கவைப்பது அந்தக் காலத்து வேட்டைக் காவலர்கள் சிலரின் வழக்கம். வலித்தால் மெதுவாகப் பிடிப்பான் என்பது கணக்கு. நாயின் கணக்கு வேறு. எடுத்தால் குத்துகிறது, அவ்வளவுதான் அதற்குப் புரியும். அடுத்த முறை எடுக்கவே தயங்கும், அல்லது எடுத்த வேகத்தில் துப்பிவிடும். மென்மையைப் பயத்தால் ஊட்டலாம் என்ற எண்ணம்தான் எனக்கு எரிச்சல் தருகிறது. தன் குட்டியைத் தூக்கி இடம் மாற்றும் தாய் நாய்க்கு எந்த ஆணி சொல்லிக்கொடுத்தது? மெதுவாகப் பிடிக்கும் திறமை அந்தத் தாடையில் ஏற்கெனவே இருக்கிறது. எது அதை இறுக வைக்கிறது என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

முதலில் பல்லைப் பார். குட்டிக்கு ஐந்து மாதம் என்று எழுதியிருக்கிறாய். பால்பல் 28 விழுந்து நிலைப்பல் 42 வரும் கதையை உனக்கு நான் சொல்லவேண்டாம். ஆனால் பரீட்சையில் எழுதியதை நாயின் வாயில் பார்க்க மறந்துவிட்டாய். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சிவந்திருக்கும், கோரைப்பல் ஆடிக்கொண்டிருக்கும். ஈறு தினவெடுக்கும் குட்டி எதைக் கொடுத்தாலும் மெல்லத்தான் செய்யும். பல் முளைத்து முடியும்வரை டம்மியைக் கண்ணில் காட்டாதே. உட்கார், இரு, வா என்ற மூன்றையும் விசிலுக்குப் பழக்கு. மற்றவர்களின் நாய் ஓடும்போது தான் அசையாமல் உட்காரக் கற்றுக்கொண்டால், அதுவே பாதி வித்தை.

அடுத்தது டம்மி. ஊர்க் கடையில் மெல்லிசாக ஒன்று வாங்கியிருப்பாய். தாடையின் மூட்டுக்கு அருகே போகப் போகக் கடியின் விசை கூடும். எலும்பை உடைக்கும் பெரிய பற்கள் கடைவாயில் இருப்பதும் அதனால்தான். மெல்லிய பொருள் வாய்க்குள் சறுக்கிக் கடைவாய்க்குப் போய்விடும். அங்கே போனால் எந்த நாயும் அரைக்கும். பருமனான டம்மி வாயை அகலத் திறந்தே வைத்திருக்கும், கோரைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும், நாய் அதைச் சுமக்கும். பெரிய நாய்க்கு வழக்கமான கேன்வாஸ் டம்மி ஒரு பவுண்டு, ஏறக்குறைய 450 கிராம். குட்டிக்குப் பாதி எடை போதும், பருமன் குறையக்கூடாது. நடுவில் பிடித்துத் தூக்கினால் இரண்டு பக்கமும் சமமாக நிற்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் நாய் நழுவாமல் இருக்க இறுக்கும், இல்லாவிட்டால் மாற்றி மாற்றிப் பிடிக்கும். குச்சி எறிந்து விளையாடாதே, பந்தும் வேண்டாம். ஒரு முனையை நீயும் மறுமுனையை அவனும் பிடித்து இழுக்கும் விளையாட்டு அறவே வேண்டாம்.

இப்போது உன்னைப் பற்றி. குட்டி டம்மியோடு வரும்போது நீ என்ன செய்கிறாய் என்று எழுதவில்லை. நான் சொல்கிறேன். நின்றபடி குனிகிறாய். இரண்டு கையையும் நீட்டுகிறாய். கண் முழுக்க டம்மியின் மேல். பத்தடி தூரத்தில் அவன் சுணங்கினால் நீ ஓரடி முன்னால் போகிறாய். எட்டியதும் பிடித்து இழுக்கிறாய். கையிலிருக்கும் பொம்மையைப் பிடுங்கப்போனால் குழந்தை அதை மார்போடு இறுக்கிக்கொள்ளும் அல்லவா? நாய்க்கு மார்போடு அணைக்கக் கை இல்லை, தாடைதான் இருக்கிறது.

வாய் கெட்ட நாய்கள் என்று என்னிடம் கொண்டுவந்தவர்களை நான் கவனித்த அளவில், நாய் வாயைக் கெடுத்துக்கொள்வதில்லை. ஆளின் கை கெடுக்கிறது. இறுக்கம் பறவையின் மேல் வரும் கோபமில்லை, கையின் மேல் வரும் சந்தேகம். இதைச் சொன்னால் வளர்ப்பாளர்கள் சண்டைக்கு வருவார்கள். பரம்பரைக்கும் பங்கு உண்டுதான். அதனால்தான் வாய் கடினமான நாயிடம் குட்டி எடுக்கமாட்டார்கள். ஸ்காட்லாந்தில் லார்ட் ட்வீட்மவுத் நூஸ் என்ற மஞ்சள் நிற ரிட்ரீவரையும் பெல் என்ற தண்ணீர் ஸ்பானியலையும் சேர்த்து, 1868-ல் பிறந்த குட்டிகளிலிருந்து கோல்டன் ரிட்ரீவரை வளர்த்தெடுத்தாரே, அத்தனை தலைமுறைத் தேர்வும் சும்மா போகவில்லை. ஆனால் அப்படி வந்த வாயை ஒரே மாதத்தில் பிடுங்கிப் பிடுங்கிப் பாழாக்க முடியும் என்பதையும் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எடின்பரோவில் படித்த நாளில் குளிர்கால வேட்டைகளுக்கு, விழுந்த பறவைகளைத் தேடியெடுப்பவர்களோடு போவேன். அவர்களில் வயதான அம்மாள் ஒருவர். அவருடைய ஸ்பானியல் பெட்டை, ஃபெசன்ட் என்ற வேட்டைப் பறவை ஒன்றைக் கவ்விக்கொண்டு ஈர முட்புதரிலிருந்து வந்தது. அவர் நாயைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் திரும்பிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், கைகள் மடியில். நாய் தானாக வந்து அவர் தொடையில் உடம்பைச் சாய்த்தது. அவர் பறவையைத் தொடாமல் நாயின் நெஞ்சைத் தடவினார், பிறகு காதுக்குப் பின்னால். பறவை உயிரோடிருந்தது, கண் இமைத்ததைப் பார்த்தேன். அதன் பின்தான் இரண்டு விரலைத் தாடைக்கு அடியில் கொண்டுபோய் “டெட்” என்று தணிந்த குரலில் சொன்னார். பறவையைத் தம் பக்கம் இழுக்காமல், இம்மியளவு நாயின் வாய்ப்பக்கமே தள்ளி மேலே தூக்கினார். வாய் திறந்தது. நொடியில் பறவையின் கதையை முடித்துப் பைக்குள் போட்டார். இத்தனை பக்குவமும் எதற்கு என்றால் அந்தக் கடைசி நொடிக்காகத்தான். அடிபட்ட பறவை சித்திரவதைப்படாமல் கைக்கு வரவேண்டும். இறைச்சி நசுங்கி ரத்தம் கட்டாமல் சமையலறைக்குப் போகவேண்டும்.

நீயும் அதையே செய். கேட்காதே, நீட்டாதே, துரத்தாதே. தேவைப்பட்டால் திரும்பி நாலடி நட, அவன் பின்னால் வருவான். வந்ததும் டம்மியை அவனிடமே சற்று நேரம் விட்டுவை. வாங்கிக்கொள்ள அவசரமில்லாதவனிடம் ஒளிக்க எதுவும் இல்லை என்று அவனுக்குத் தெரியவேண்டும்.

பையில் பிஸ்கட் வைத்திருக்கிறாய் என்றும் எழுதியிருக்கிறாய். இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள். உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1951 டிசம்பர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் விலங்குகளுக்குக் கற்பிப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கிளிக் என்று சத்தமிடும் சின்னப் பொம்மை ஒன்றை வைத்து நாயைப் பழக்கும் விதம் அதில் இருக்கிறது. தூசி தட்டி எடுத்துப் படி; இன்று வீடியோவில் புதுமை என்று விற்கும் பாதி விஷயம் அதில் உண்டு. சரியான நொடியில் பரிசு என்ற அவருடைய கருத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் உன் கையில் பிஸ்கட் வாசனை அடித்தால் குட்டிக்குச் சரியான நொடி எது? டம்மியை உன் காலடியில் போட்டுவிட்டு வாயைத் திறக்கும் நொடி. டம்மி விழுந்தால் நஷ்டமில்லை. சிறகில் மட்டும் அடிபட்ட ஃபெசன்ட் விழுந்தால் எழுந்து ஓடிவிடும். இந்த ஒரு பாடத்துக்கு உன் உள்ளங்கைதான் கூலி.

ஸ்கின்னருக்கு நூறு வருஷம் முன்னாலேயே, 1848-ல், ஹட்சின்சன் என்ற ராணுவ அதிகாரி நாய் பழக்குவது பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அந்தக் காலத்துக் கடுமை அதிலும் உண்டு. ஆனாலும் சாட்டையை விடப் பொறுமையையே அதிகம் நம்பிய மனிதர். அந்தப் பண்ணை வீட்டு அலமாரியில் ஒரு பிரதி இருந்தாலும் ஆச்சரியமில்லை. படித்துவிட்டு அந்த ஆணிக்காரருக்கும் இரவல் கொடு.

டம்மி சரியாக வந்தபின் பறவைக்குப் போகும் வரிசை முக்கியம். அங்கே ஃபெசன்ட் வேட்டைப் பருவம் அக்டோபர் 1-ல் தொடங்கி பிப்ரவரி 1-ல் முடிகிறது என்பதற்காக அவசரப்படாதே, இந்தப் பருவம் போனால் அடுத்தது வரும். முதல் பறவை செத்துக் குளிர்ந்ததாக, ரத்தம் இல்லாததாக, இறகு கலையாததாக இருக்கட்டும். புறாவில் தொடங்காதே, அதன் இறகு கொத்தாகக் கழன்று நாக்கில் ஒட்டும், நாய் துப்பும், துப்பத் துப்ப மெல்லும். சூடு ஆறாத பறவை பிறகு. உயிரோடு ஓடும் பறவை எல்லாவற்றுக்கும் கடைசியில். சேவல் ஃபெசன்ட்டின் காலில் முள் இருக்கிறது. முகத்தில் ஒரு கீறல் வாங்கிய இளம் நாய், அடுத்ததைக் கொன்றுவிட்டே தூக்கலாம் என்று முடிவு செய்துவிடும்.

ஊருக்குத் திரும்பியதும் சிப்பிப்பாறை நாய்க்கு இதைப் பழக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அது கண்ணால் பார்த்து விரட்டிக் கவ்விப் பிடிக்கும் இனம். அதன் கடி அதன் தொழில். லாப்ரடாரின் அளவுகோலால் அதை அளந்து குறை சொல்லாதே. தவிர, 1972 வனவிலங்குச் சட்டப்படி நம் நாட்டில் நாயை விட்டு முயல் பிடிப்பதும் குற்றம். இங்கே டம்மியோடு நிறுத்திக்கொள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். வேட்டை நாய்களுக்கான களப் போட்டிகளில் நடுவர்கள் பறவையை உள்ளங்கையில் மார்பு மேலாக, தலை முன்னால் இருக்கும்படி வைத்து, கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் விலா எலும்பைத் தடவிப் பார்ப்பார்கள். இறகை ஊதிப் பார்த்தால் எதுவும் தெரியாது. விலா உருண்டு உறுதியாக இருந்தால் நாய் தப்பியது. தட்டையாக அமுங்கியிருந்தால் நாய் வெளியே. ஆனால் அருகிலிருந்து சுட்டாலும், உறைந்த மண்ணில் விழுந்தாலும் எலும்பு நொறுங்கும். நாய் வாயே படாத பறவைகளை முதலில் தடவிப் பழகு. விழுந்த அடி எப்படி இருக்கும் என்று உன் விரலுக்குத் தெரியட்டும். அதற்கு முன் உன் குட்டியின் வாயைப் பற்றி எனக்கு எதுவும் எழுதாதே. எழுதினாலும் நம்பமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்