நகராத வரைபடம்: எக்செல் வடிவங்களைப் பூட்டுவது எப்படி?

மதுரை மாவட்டத்தில் 11 வட்டங்கள் உள்ளன. எட்டாம் வகுப்பு மாணவர்கள் அவற்றை விளையாட்டாகக் கற்க வேண்டும் என்பதற்காக எக்செல்லில் ஒரு வரைபட வினாடி வினா தயாரித்தேன். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், கள்ளிக்குடி என்று ஒவ்வொரு வட்டத்தையும் தனி வடிவமாக வரைந்தேன். வைகையை நீலக் கோடாக இழுத்தேன். மேலே ஒரு கட்டத்தில் கேள்வி வரும். மாணவர் சரியான வட்டத்தைச் சொடுக்கினால் அது பச்சையாக மாறும். இரண்டு வாரம் மாலை வேளைகளில் உட்கார்ந்து செய்த வேலை இது.

உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் முதல் நாளே அது கலைந்தது. ஒரு மாணவியின் திரையில் மேலூர் இடம்பெயர்ந்து திருமங்கலத்தின் மேல் கிடந்தது. கன்ட்ரோல் இசட் அழுத்தியும் பழைய நிலை திரும்பவில்லை. "எதுக்கு இதையெல்லாம் தொடுற?" என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அடுத்த இரண்டு வகுப்புகளிலும் அந்த மாணவி சுட்டியைத் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்த தோழி செய்வதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

அன்று இரவு கோப்பைத் திறந்து அவள் என்ன செய்திருப்பாள் என்று நானே செய்து பார்த்தேன். தவறு என்னுடையது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஏன் நகர்ந்தது?

மேக்ரோ இணைத்த வடிவத்தை இடது பொத்தானால் சொடுக்கினால் மேக்ரோ இயங்கும். ஆனால் வலது பொத்தானை அழுத்தினால் வடிவம் தேர்வாகிவிடும். அதன்பின் அம்புக்குறி விசையைத் தொட்டாலே அது நகரும். டிலீட் விசையைத் தொட்டால் ஒரு வட்டமே காணாமல் போகும். தாளில் மாற்றம் செய்யும் மேக்ரோ ஒருமுறை இயங்கிவிட்டால் அதற்கு முந்தைய செயல்களை மீட்கும் வசதியும் அழிந்துவிடும். கன்ட்ரோல் இசட் உதவாததற்குக் காரணம் இதுவே.

பூட்டும் முறை

1. வடிவத்தை வலது சொடுக்கி ஃபார்மட் ஷேப் பகுதிக்குச் செல்லவும். அதில் சைஸ் அண்ட் ப்ராப்பர்ட்டீஸ் என்பதன் கீழ் லாக்டு என்ற பெட்டியில் குறி இருக்கிறதா எனப் பார்க்கவும். பொதுவாக அது ஏற்கெனவே இருக்கும். ஆனால் தாளைப் பாதுகாக்கும் வரை அந்தக் குறிக்குப் பயன் இல்லை. நான் தவறவிட்டது இதைத்தான்.

2. ரிவ்யூ பட்டியில் ப்ரொடெக்ட் ஷீட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். வரும் பட்டியலில் எடிட் ஆப்ஜெக்ட்ஸ் என்பதற்கு எதிரே குறி இருக்கக் கூடாது.

3. கடவுச்சொல் கொடுத்துச் சேமிக்கவும். கோப்பு மேக்ரோவை ஏற்கும் எக்ஸ்எல்எஸ்எம் வகையில் இருக்க வேண்டும்.

இனி வடிவத்தைத் தேர்வு செய்ய முடியாது. ஆனால் இடது சொடுக்கில் மேக்ரோ வழக்கம்போல இயங்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

மேக்ரோவில் செய்ய வேண்டிய மாற்றம்

தாளைப் பூட்டியதும் ஒரு புதிய சிக்கல் வந்தது. மாணவர் மாற்ற முடியாததை மேக்ரோவும் மாற்ற முடியாது. சரியான விடைக்குப் பச்சை நிறம் வராமல் பிழைச் செய்தி வந்தது. எனவே மேக்ரோவின் வரிசையை இப்படி அமைத்தேன்:

• அப்ளிகேஷன் டாட் காலர் மூலம், சொடுக்கப்பட்ட வடிவத்தின் பெயரைப் பெறுதல்.
• அன்ப்ரொடெக்ட் கட்டளையால் தாளைத் திறத்தல்.
• பெயரை விடையோடு ஒப்பிட்டு, சரியானால் நிறத்தை மாற்றுதல்.
• ப்ரொடெக்ட் கட்டளையால் மீண்டும் பூட்டுதல். அதில் டிராயிங் ஆப்ஜெக்ட்ஸ் என்பதற்கு ட்ரூ எனக் கொடுக்க வேண்டும்.

இடையில் பிழை நேர்ந்தால் தாள் திறந்தபடியே நின்றுவிடும். ஆகவே பிழை வந்தாலும் நேராகப் பூட்டும் வரிக்குச் செல்லுமாறு ஆன் எர்ரர் கட்டளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்பு திறக்கும்போதே தாளைப் பூட்டும் வரியை ஒர்க்புக் ஓப்பன் நிகழ்விலும் எழுதிவிடுவது நல்லது.

இன்னொரு குறிப்பு: மேக்ரோ எழுதும் சாளரத்தில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அதனால் தமிழ்க் கேள்விகளைத் தாளின் கட்டங்களில் வைத்து, வடிவங்களுக்கு ஆங்கில எழுத்தில் பெயரிட்டேன். வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, சூத்திரப் பட்டைக்கு இடப்பக்கம் உள்ள பெயர்ப் பெட்டியில் தட்டச்சு செய்து என்டர் அழுத்தினால் பெயர் பதிவாகும். ஒப்பிடும்போது பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறாகக் கொள்ளப்படும் என்பதையும் கவனிக்கவும்.

சோதித்தவர் யார்?

புதிய கோப்புடன் ஆய்வகத்துக்குச் சென்றதும் அந்த மாணவியை அழைத்தேன். "அன்னைக்குத் தப்பு உன் மேல இல்லம்மா, நான் செஞ்சதுலதான் குறை. இப்போ இதைக் கலைக்க முடியுதான்னு பாரு" என்றேன். முதலில் தயங்கினாள். பிறகு வலது சொடுக்கு, இழுத்தல், டிலீட் என்று எல்லாவற்றையும் முயன்றாள். வரைபடம் அசையவில்லை. ஆனால் சிறிது நேரத்தில், "டீச்சர், விடையெல்லாம் இங்க இருக்கு" என்றாள். கீழே இருந்த இரண்டாவது தாளைத் திறந்திருந்தாள்! வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அன்றே அந்தத் தாளை மறைத்து, ப்ரொடெக்ட் ஒர்க்புக் வசதியில் ஸ்ட்ரக்சர் என்பதையும் பூட்டினேன். இப்படிச் செய்தால் கடவுச்சொல் இல்லாமல் மறைத்த தாளை வெளியே கொண்டுவர முடியாது.

கவனத்திற்கு

தாள் பாதுகாப்பு என்பது தவறுதலாகக் கலைவதைத் தடுக்கும் வேலிதான். ரகசியம் காக்கும் பெட்டகம் அல்ல. அந்தக் கடவுச்சொல்லை அறிந்தவர்கள் எளிதில் நீக்கிவிடுவார்கள். மாணவர்களின் சொந்த விவரங்களை இதை நம்பி வைக்க வேண்டாம். இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளில் மேக்ரோவை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுத்துவருகிறது. எனவே நம்பகமானவர் அனுப்பிய கோப்பை மட்டுமே அனுமதியுங்கள். லிப்ரே ஆபிஸ் பயன்படுத்தும் பள்ளிகளில் இதே மேக்ரோ அப்படியே இயங்கும் என்று எதிர்பார்க்காமல் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள்.

இப்போது நான் தயாரிக்கும் ஒவ்வொரு கோப்பையும் வகுப்புக்குக் கொண்டுசெல்லும் முன் அந்த மாணவியிடம்தான் முதலில் கொடுக்கிறேன். இரண்டு வகுப்புகள் சுட்டியைத் தொடாமல் இருந்தவள், இன்று என் கோப்புகளில் குறை கண்டுபிடிப்பதையே விளையாட்டாக வைத்திருக்கிறாள்.