படம் பார்க்க எந்த வழி? அன்டெனாவா, டிஷ்ஷா, போனா, டிவிடியா?



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து அடுப்பு வேலையும் முடிந்த பிறகு கொஞ்ச நேரம் படம் பார்ப்பதில் தவறு ஒன்றும் இல்லை. உழைத்த உடம்புக்கு அதுவும் ஓர் ஓய்வுதான். ஆனால் அந்த ஓய்வுக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? எத்தனை வீட்டில் இதைக் கணக்குப் பார்க்கிறோம்? இம்முறை நமது பாடம் இதுதான்.

முன்பு இந்தக் கேள்விக்கே இடமில்லை. இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் ஐ.டி.என். மூலம் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி வந்தது. மின்சாரம் இல்லாத லயங்களில் கார் பெட்டரியை மாட்டிக் கறுப்பு வெள்ளை டிவி பார்த்தார்கள். திருவிழா, தீபாவளி என்றால் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் ஓடும். மறுநாள் பிரட்டில் எல்லோருக்கும் தூக்கக் கண்! அந்தச் செலவு வருசத்துக்கு ஓரிரு தடவைதான் வந்தது. இன்றைய செலவு அப்படி இல்லை. மாதா மாதம், சத்தமில்லாமல் போகிறது.

படம் பார்க்கும் வழிகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவு வரும். ஒன்று இலவசம், ஒன்று சொந்தம், ஒன்று வாடகை.

1. இலவசம்: அன்டெனா

ரூபவாஹினியின் முக்கிய ஒளிபரப்புக் கோபுரம் நமது நுவரெலியாவில், 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகால மலையின் உச்சியில்தான் இருக்கிறது. நாட்டுக்கே படம் அனுப்பும் கோபுரம் நம் தலைக்கு மேலே நிற்கிறது. அப்படியிருந்தும் சில தோட்டங்களில், "மேற்கணக்குல பளிச்சுன்னு விழுது, பணியக்கணக்குல புள்ளி புள்ளியா விழுதே, ஏன்?" என்று கேட்கிறார்கள்.

காரணம் எளிது. இந்தச் சிக்னல் டோர்ச் வெளிச்சம் மாதிரி ஏறத்தாழ நேர்கோட்டில் வரும். நடுவில் ஒரு மலைமுகடு நின்றால் அதன் பின்பக்கம் நிழல் விழும். பள்ளத்து லயம் அந்த நிழலுக்குள் இருக்கிறது. வேறு கோபுரங்களும் உண்டு. ஆகையால் புதிதாக அன்டெனா வாங்கும் முன் உங்கள் லயத்தில் யாருக்குப் படம் தெளிவாக விழுகிறது, அவர்கள் அன்டெனா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். கம்பத்தைச் சில அடி உயர்த்தினால் அல்லது பக்கத்து மேட்டுக்கு மாற்றினால் பல வேளைகளில் போதும். கம்பத்தை மின்சாரக் கம்பிக்கு அருகே மட்டும் ஒருபோதும் நடவேண்டாம்.

அன்டெனாவுக்கு ஒரு தடவைதான் செலவு. மாதக் கட்டணம் இல்லை. 1998இல் தொடங்கிய சக்தி, 2009இல் தொடங்கிய வசந்தம், ரூபவாஹினியின் நேத்ரா ஆகியவை தமிழில் செய்தி, நாடகம், படம் எல்லாம் தருகின்றன. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நேத்ராவில் தமிழ்மொழிப் பாடங்களும் ஒளிபரப்பாயின. போன் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேட்டுக்கு மேடு அலைந்த அந்த நாட்களில், அன்டெனா இருந்த வீட்டுப் பிள்ளை அடுப்படியில் இருந்தே பாடம் கேட்க முடிந்தது.

2. சொந்தம்: டிவிடியும் பென்டிரைவும்

விசிடி தட்டில் ஏறத்தாழ 74 நிமிடப் படம்தான் அடங்கும். அதனால்தான் ஒரு படத்துக்கு இரண்டு, மூன்று தட்டுகள் வந்தன. டிவிடியில் 4.7 ஜிபி அடங்குவதால் முழுப் படமும் ஒரே தட்டில் வந்தது. இன்று டிவிடி பிளேயர் விற்கும் கடைகளே குறைவு. ஆகவே படம் பார்ப்பதற்காக மட்டும் புதிதாகப் பிளேயர் வாங்கத் தேவையில்லை. பஸ் நிலையத்தில் விற்கும் திருட்டுக் கொப்பிகளும் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது குற்றம்.

ஆனால் உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மகளின் சடங்கு, அண்ணனின் கல்யாணம், தோட்டத்துக் கோயில் திருவிழா, இறந்துபோன அம்மாவின் முகமும் குரலும் எந்தக் கம்பனியிலும் வாடகைக்குக் கிடைக்காது. அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

நம் ஊர்ப் பனியும் ஈரமும் இவற்றுக்கு எதிரி. வீடியோ கசெட்டில் பூஞ்சணம் பிடிக்கும். ஸ்டூடியோவில் பதிந்து கொடுத்த தட்டு வெயில் பட்டாலும் ஈரம் பட்டாலும் நாளடைவில் பழுதாகும். அதனால் இப்போதே இவற்றைச் செய்யுங்கள்:

• தட்டைத் துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம்.

• கணினி உள்ள கடையில் கொடுத்து, எம்.பி.4 ஆகப் பென்டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள். 32 ஜிபி பென்டிரைவில் ஆறு டிவிடி அளவு அடங்கும். யூ.எஸ்.பி. துளை உள்ள டிவியில் அப்படியே போட்டுப் பார்க்கலாம்.

• இரண்டு கொப்பி எடுத்து, ஒன்றை வேறு லயத்தில் அல்லது டவுனில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசையே எரிந்துபோவதை நாம் அறிவோம்.

3. வாடகை: டிஷ்ஷும் போனும்

டிஷ்ஷுக்குச் சிக்னல், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள செய்மதியிலிருந்து வருகிறது. மேலிருந்து வருவதால் பள்ளத்து லயத்துக்கும் கிடைக்கும். அன்டெனா எடுபடாத இடத்தில் டிஷ் நல்ல வழிதான். ஆனால் மழை கனத்தால் மழைத்துளிகள் அந்தச் சிக்னலை விழுங்கிவிடும். "என்னங்க, மழை பெஞ்சா படம் நின்னு போகுதே, பெட்டி பழுதா?" என்று கேட்டு உடனே ரிப்பேர்காரருக்குக் காசு கொடுக்காதீர்கள். மழை விட்டதும் படம் வந்தால் பெட்டியில் பழுது இல்லை.

சிலர் இந்திய டிஷ் பெட்டி மலிவு என்று வாங்குகிறார்கள். அந்தச் சேவைக்கான அனுமதி இந்தியாவுக்குள் மட்டும்தான். நடுவில் நின்றுபோனால் இங்கே முறைப்பாடு செய்ய இடமில்லை. கட்டிய காசு போனது போனதுதான்.

போனில் பார்ப்பது இன்னொரு வகை. இங்கே டேட்டாதான் காசு. நெட்பிளிக்ஸ் நிறுவனம் தரும் கணக்குப்படி சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரையும், எச்.டி. தரத்தில் 3 ஜிபி வரையும் செலவாகும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றுக்கு முதலாவதில் 2½ ஜிபி, இரண்டாவதில் 7½ ஜிபி. போனின் சின்னத் திரையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆகவே யூடியூப்பில் "குவாலிட்டி" என்ற இடத்துக்குப் போய் 360 அல்லது 480 என்று வையுங்கள். ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தூங்கினாலும் டேட்டா தூங்காது. பெக்கேஜ் வாங்கும்போது, அது எந்நேரமும் பாவிக்கக்கூடியதா, நடுச்சாமத்துக்குப் பிறகு மட்டுமா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. வாடகை வீட்டைப் போல, கட்டணம் நின்ற நாளில் படமும் நின்றுவிடும். எத்தனை வருசம் கட்டினாலும் ஒரு படம்கூட நமக்குச் சொந்தமாகாது.

ரூபாயில் எண்ணாதீர்கள், பேரில் எண்ணுங்கள்

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் டிஷ்ஷுக்கு மாதம் 1,400 ரூபா. இரண்டு போனுக்கு ரீலோட் தலா 1,200 வீதம் 2,400 ரூபா. மொத்தம் 3,800. "மூவாயிரத்துச் சொச்சம்தானே" என்று தோன்றும். ஆனால் வருசத்துக்கு 45,600 ரூபா. ஒரு பேருக்கு எல்லாக் கழிவும் போகக் கைக்கு 1,300 ரூபா வருகிறது என்றால், அது 35 பேர். அட்டைக்கடியிலும் மழையிலும் 35 நாள் மலையில் நின்ற உழைப்பு!

அதே வீடு, அன்டெனாவைச் சரிசெய்து, பாடசாலை விடுமுறை வரும் நான்கு மாதங்களுக்கு மட்டும் டிஷ்ஷை ரீலோட் செய்து, ஒரு போனுக்கு மட்டும் டேட்டா போட்டால் என்ன ஆகும்? டிஷ்ஷுக்கு 5,600, போனுக்கு 14,400, மொத்தம் 20,000 ரூபா. அதாவது ஏறத்தாழ 15 பேர். மிச்சம் 20 பேர். சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்குக் கொப்பி, புத்தகம், டியூஷன் என்று எவ்வளவோ செய்யலாம்.

டிவிக்காகவோ டிஷ்ஷுக்காகவோ வாரக் கடன் மட்டும் எடுக்க வேண்டாம். படம் இரவோடு முடியும். கடன்காரர் ஒவ்வொரு வாரமும் இஸ்தோப்பில் வந்து நிற்பார். விரலுக்குத் தக்க வீக்கம் இருந்தால் போதும்.

மழைக்காலத்தில் இன்னும் கவனம்

ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் இடி மின்னல் அதிகம். வானம் கறுக்கும்போதே டிவியின் பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றுங்கள். இடி தொடங்கிய பிறகு வயரைத் தொடாதீர்கள்.

2025 நவம்பர் இறுதியில் "டித்வா" புயல் வந்தபோது மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. மின்சாரமும் போன் தொடர்பும் அற்றுப்போயின. எச்சரிக்கை அவசியமான அந்த நேரத்தில்தான் டிஷ்ஷும் போனும் கைவிடும். ஆகையால் எந்த வழியில் படம் பார்த்தாலும், பெட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ வீட்டில் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி

வருகிற சம்பள நாளன்று எல்லோரும் கூடி உட்கார்ந்து, இந்தக் கேள்விகளுக்குப் பிள்ளைகளைக் கொண்டு பதில் எழுதுங்கள்:

1. போன மாதம் டிஷ்ஷுக்கும் ரீலோட்டுக்கும் எவ்வளவு போனது? அது எத்தனை பேர்?

2. காசு கட்டும் சேனல்களில் உண்மையில் எத்தனையைப் பார்க்கிறோம்? அதில் எவை அன்டெனாவில் சும்மா கிடைக்கும்?

3. வீட்டில் உள்ள தட்டு, கசெட்டுகளில் போனால் திரும்பக் கிடைக்காதது எது? அதற்கு இன்னொரு கொப்பி இருக்கிறதா?

இலவசமாகக் கிடைப்பதை முதலில் பாவியுங்கள். சொந்தமானதைப் பத்திரப்படுத்துங்கள். வாடகைக்கு ஓர் எல்லை போடுங்கள். படம் பார்ப்பதை யாரும் விடச் சொல்லவில்லை. பார்க்கும் படத்துக்கு எத்தனை பேர் கொடுக்கிறோம் என்று தெரிந்து பாருங்கள்.