நிலக்கடலையில் இரு பூசணங்கள்

காளானையும் பூசணம் படர்ந்த உணவையும் விலக்குதல் நம் இல்லறத்தார் நெடுநாளாகப் போற்றிவரும் ஒழுக்கம். சங்ககிரியைச் சூழ்ந்த செம்மண் மேட்டு நிலங்களில் மானாவாரியாக விளையும் நிலக்கடலையை எடுத்துக்கொண்டு, இவ்வொழுக்கத்தின் பயனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

கடலையைப் பற்றும் பூசணங்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று அஸ்பெர்ஜில்லஸ் நைகர். மற்றொன்று அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தொடக்கத்தில் இரண்டும் வெண்ணூல்போலவே படரும். வித்துத்தூள் முதிர்ந்த பின்னரே முன்னது கருமையாகவும், பின்னது மஞ்சள் கலந்த பச்சையாகவும் தோன்றும்.

கரும்பூசணம் வயலில் இளஞ்செடியின் தண்டடியைத் தாக்கிக் கழுத்தழுகல் நோயை உண்டாக்கும். இழப்பு கண்ணுக்குத் தெரியும். இதே பூசணத்தைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்துச் சிட்ரிக் அமிலம் பெறலாம் என்பதை 1917இல் ஜேம்ஸ் கர்ரி விளக்கினார். இன்றும் அவ்வமிலம் பெரும்பாலும் இம்முறையிலேயே ஆக்கப்படுகிறது.

பச்சைப்பூசணத்தின் தீமையோ மறைவானது. அது அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தே இந்நஞ்சைக் கண்டறிந்தனர். 1974இல் குஜராத், இராஜஸ்தான் மாநிலங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிறிது சிறிதாக உடலிற் சேர்ந்தாலும் இந்நஞ்சு கல்லீரலில் புற்றுநோயை விளைவிக்கும்.

பூசணத்தைத் துடைத்துவிட்டால் நஞ்சு நீங்காது; வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றும் அழியாது. கெட்ட பருப்பைச் செக்கிலிட்டால் எண்ணெயிலும் பிண்ணாக்கிலும் தங்கும். அப்பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் அதன் மாற்றுருவம் காணப்படும். ஆகவே, "மனிதருக்கு ஆகாதது மாட்டுக்கு ஆகட்டும்" என எண்ணுதல் தவறு. அது வாயில்லா உயிருக்குச் செய்யும் தீங்கு.

நிறத்தைக் கொண்டு நன்று தீது பிரிப்பதும் போதாது. கரும்பூசணம் அஃப்ளடாக்சினைச் சுரப்பதில்லை எனினும், அதன் சில வகைகள் ஓக்ரடாக்சின் என்னும் வேறொரு நஞ்சை உண்டாக்கும்.

இரண்டுக்கும் காப்பு ஒன்றே: உலர்த்தல். பறித்த கடலையை உடனே நன்கு காயவைத்து, பருப்பின் ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டைகளைத் தரையில் படாமல் மரப்பலகைமீது அடுக்க வேண்டும். சுருங்கியவை, உடைந்தவை, நிறம் மாறியவை ஆகியவற்றைப் பொறுக்கி நீக்க வேண்டும். பூசணம் தோன்றிய பின் அழிப்பதினும் தோன்றாமற் காப்பதே சிறந்தது. உடல்நலமும் உயிரிரக்கமும் அதில் ஒருங்கே நிறைவேறும்.