கப்பல் பந்தி: கேட்டதும் சொன்னதும்

கப்பல் அடுப்படியில் வேலை பார்த்து ஊர் திரும்பி, ஒத்தக்கடையில் சமையல் வகுப்பு நடத்துபவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் அங்கிருந்து கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறான். சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம். அதற்கு மேல் தலைமைச் சமையல்காரர் கூடவே இருந்து நடத்தும் தனி விருந்துக்கு ஆளுக்கு 100 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். மகன் போட்டே தீருவேன் என்கிறான். எனக்கு மனசு வரவில்லை. தகுமா?
– வாசகி, ஒத்தக்கடை

அம்மா, அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று முதலில் பார்ப்போம். சாப்பாட்டின் அளவுக்கு நிச்சயமாகப் போகவில்லை. வயிறு நிறைவதுதான் கணக்கு என்றால் பெரிய சாப்பாட்டுக் கூடமே போதும். அங்கே இன்னொரு தட்டு கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து வைப்பார்கள்.

பெரிய கூடத்தில் ஒரு பந்திக்கே நூற்றுக்கணக்கான பேர், சில கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேல். 2024இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றக்கூடியது. இத்தனை பேருக்கும் நேரத்துக்குத் தட்டு போக வேண்டுமானால் சாஸ் காலையிலேயே கொதித்து முடிந்திருக்க வேண்டும், இறைச்சி முன்கூட்டியே பதத்துக்கு வந்திருக்க வேண்டும், காய் வெந்து குளிர்ந்து காத்திருக்க வேண்டும். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதைப் பிசகாமல் செய்வது பெரிய வித்தை. ஆனால் தனி விருந்தில் உட்காருபவர்கள் பன்னிரண்டு பேர், மிஞ்சிப்போனால் பதினாறு பேர். அவர்களுக்கு மட்டும் மீன் அந்த நேரத்தில் சட்டியில் விழும், சாஸ் அந்த நேரத்தில் வற்றும். நீங்கள் கொடுக்கும் காசு அந்த வித்தியாசத்துக்கும், கப்பலிலேயே நேரம் கிடைக்காத மனிதரான தலைமைச் சமையல்காரர் உங்களுக்காக ஒதுக்கும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கும்தான்.

பல கப்பல்களில் விருந்துக்கு முன்னால் வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டு அடுப்படிக்குள் அழைத்துப் போவார்கள். அங்கே கண்ணைத் திறந்து வையுங்கள். அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி இருக்கும். கப்பல் சாய்ந்தால் பானை நகராமல் அதுதான் பிடித்துக்கொள்ளும். மேசை விளிம்பு ஒரு விரல்கடை உயர்ந்திருக்கும். வெட்டும் பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்திருப்பார்கள், பலகை வழுக்கக்கூடாது. பச்சை இறைச்சிக்கு ஒரு நிறப் பலகை, மீனுக்கு ஒன்று, காய்க்கு ஒன்று. நெருப்பு மட்டும் கண்ணில் படாது. தீ விபத்துக்குப் பயந்து கப்பலில் எல்லாமே மின்சார அடுப்புகள். விறகுக்கும் கேஸுக்கும் பழகிய கை அங்கே புதிதாக வேலை கற்க வேண்டும். சமைத்துப் பழகிய உங்களுக்கு இது ஒரு தட்டு இறாலைவிடப் பெரிய காட்சி.

ஆகவே போங்கள். சமையலில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு தடவை தகும். இரண்டாம் தடவைக்கு நான் சொல்ல மாட்டேன். முதல் நாள் இரவு வேண்டாம். கப்பலில் கால் பழகியிருக்காது. ஊர் சுற்றிக் களைத்து வரும் நாளும் வேண்டாம். கரை தொடாத நாள்தான் தோது. பல அமெரிக்கக் கப்பல்களில் கோட்டு சூட்டு போடும் இரவன்று பெரிய கூடத்திலேயே சிங்கி இறால் கூடுதல் காசில்லாமல் கிடைக்கும். அந்த இரவை விட்டுவிட்டுத் தேதி கேளுங்கள். உங்கள் இருவரில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சின்னச் சின்னத் தட்டாக மூன்று மணி நேரம் இழுக்கும் சாப்பாடு மாத்திரை நேரத்தைப் புரட்டிவிடும்.

சென்னையிலிருந்து இலங்கை போகும் எம்ப்ரஸ் கப்பலிலும் 'செஃப்ஸ் டேபிள்' உண்டு என்கிறார்கள். அதுவும் இதே விருந்துதானா?
– வாசகர், மேலூர்

இல்லை. கார்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸில் அது கூடுதல் காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகத்தின் பெயர். போய் உட்கார்ந்து மெனு பார்த்துச் சொல்லலாம். வசதியான இடம்தான், ஆனால் சமையல்காரர் உங்களோடு இருந்து விருந்து நடத்துவார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். காசு கட்டுமுன் எந்தக் கப்பலிலும் இதை நேராகக் கேளுங்கள்: செஃப் கடைசிவரை எங்களோடு இருப்பாரா, அடுப்படி காட்டுவார்களா, எத்தனை பேர்? பதில் மழுப்பலாக வந்தால் அது வெறும் உணவகம்.

மற்றபடி எம்ப்ரஸ் 1990இல் பிரான்சில் 'நோர்டிக் எம்ப்ரஸ்' என்று கட்டப்பட்ட கப்பல். 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கி, அடுத்த வருடம் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய்வந்தது. இந்தியப் பயணிகளை நம்பி ஓடுவதால் சைவம், ஜைனச் சாப்பாடு எல்லாம் சாதாரணமாகவே கிடைக்கும். முதல் கப்பல் பயணம் என்றால் அந்த டிக்கெட்டில் அடங்கிய சாப்பாடே போதும்.

நான் குடிப்பதில்லை. விருந்தில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஒயின் என்கிறார்கள்.
– வாசகர், அண்ணாநகர், மதுரை

அப்படியானால் நீங்கள் கட்டும் காசில் ஒரு நல்ல பங்கு மேசையிலேயே தங்கிவிடும். மதுவில்லாத பானம் சேர்த்துத் தருவார்களா, விலையைக் குறைப்பார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஆளுக்கு 100 டாலர் கொடுத்தும் தட்டில் இரண்டு வாய்தான் வைப்பார்களாம். அவ்வளவு காசு வாங்குகிற செஃப்பிடம் நம்ம ஊர் அயிரை மீன் குழம்பும் சோறும் செய்து தரச் சொன்னால் என்ன தப்பு?
– வாசகர், திருமோகூர்

தப்புதான் ஐயா. இதை நான் எத்தனை பந்தியில் பார்த்துவிட்டேன்! நம் ஆட்கள் கடல் தாண்டிப் போவார்கள், பெரிய கைகாரர் ஒருவர் எதிரே வந்து நிற்பார், அவரிடம் போய் 'கொஞ்சம் தயிர்சாதம் கிடைக்குமா' என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஏற்பாடு செய்வார். உள்ளே வந்ததும் அவர் முகம் எப்படி இருக்கும் என்பது பக்கத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

அயிரையை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு வாங்கி, பாலில் விட்டு, மண்ணைக் கக்கவைத்து, சட்டியில் உரசிக் கழுவி, பிறகுதான் புளிக்கரைசலில் சேர வேண்டும். இதை நம் ஊர் மெஸ்காரம்மா தூக்கத்தில்கூடச் செய்வார். ஆஸ்திரியாவில் தொழில் கற்ற மனிதர் எங்கே போவார் அயிரைக்கு? இருக்கிற ஏதோ ஒரு கடல் மீனில், டப்பாப் பொடியைப் போட்டு, உங்கள் மனம் கோணாமல் ஒரு மஞ்சள் குழம்பு வைத்துக் கொடுப்பார். நீங்களும் 'சுமார்தான்' என்று ஊரில் வந்து சொல்வீர்கள். அவருக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தட்டு அன்றைக்கு அடுப்பேறாமலே போய்விட்டது.

சமையல்காரனுக்கு எது கைவருமோ அதைச் சமைக்க விடுவதுதான் இந்த விருந்தின் முழுப் பலன். நத்தம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த விஜயகுமார் நியூயார்க்கில் 'செம்மா' என்ற உணவகத்தில் சமைக்கிறார். சின்ன வயதில் வயல்காட்டில் பொறுக்கித் தின்ற நத்தையைப் பிரட்டலாக்கி அமெரிக்கர்கள் முன்னால் வைத்தார். 2022இல் மிஷலின் நட்சத்திரம் வந்தது. 2025 ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல்காரர் என்று ஜேம்ஸ் பியர்ட் விருதும் வந்தது. அங்கே போய் உட்கார்ந்தவர்கள் 'எங்கள் ஊர் மாட்டிறைச்சித் துண்டைச் சுட்டுக் கொடு' என்று அடம் பிடித்திருந்தால் அந்த நத்தை வெளியே வந்திருக்குமா? நம் பிள்ளைக்கு அவர்கள் கொடுத்த மரியாதையை நாமும் அடுத்த ஊர்ப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாமா?

கப்பல் அடுப்படியில் பிலிப்பைன்ஸ்காரர்கள், இந்தோனேசியர்கள், கோவாக்காரர்கள் நிறையப் பேர். கோவாக்காரர்கள் வெள்ளைக்காரன் கப்பல் காலத்திலிருந்தே அந்த வேலையில் பேர் போனவர்கள். குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள். விருந்தில் உங்களுக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தால் செஃப்பிடம் இதைக் கேளுங்கள்: 'உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பீர்கள்?' மெனுவில் இல்லாத பேச்சு அங்கேதான் தொடங்கும். சில சமயம் மெனுவில் இல்லாத தட்டும் வரும். கோவாக்காரராக இருந்தால் தேங்காயும் புளியும் போட்ட மீன் குழம்பைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார், நீங்கள் அயிரையைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தப் பேச்சுக்கு நான் 100 டாலரைத் தாராளமாகக் கொடுப்பேன்.

இரண்டு வாய் அளவைப் பற்றி: ஐந்தாறு தட்டு வருகிறது. முதல் தட்டிலேயே வயிறு நிறைந்தால் ஐந்தாவதை யார் ருசிப்பது? மதியம் பஃபேயில் மலைபோல் குவித்துச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி விருந்துக்குப் போய்ப் பாதித் தட்டைத் திருப்பி அனுப்புகிறவர்களைத்தான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

நாங்கள் சுத்த சைவம். முட்டையும் இல்லை. எங்களுக்கு இந்த விருந்து வெறும் புல்லும் தழையுமாகத்தான் முடியுமா?
– வாசகி, கே.கே.நகர், மதுரை

பயப்படாதீர்கள். நல்ல செஃப்புக்குச் சைவத் தட்டு ஒரு சவால், அதில் அவர் கூடுதலாகவே மெனக்கெடுவார். ஆனால் மேசையில் உட்கார்ந்தபிறகு சொல்லாதீர்கள். பதிவு செய்யும்போது எழுத்தில் சொல்லுங்கள், கப்பல் ஏறியதும் உணவகப் பொறுப்பாளரிடம் மறுபடி சொல்லுங்கள்.

'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. அவர்கள் கணக்கில் முட்டை சைவத்தில் சேரும். மிளகு போட்ட காளான் சூப்பின் அடியில் கோழி எலும்புச் சாறு இருக்கலாம். பார்மசான் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைக்கிறார்கள். வொர்செஸ்டர் சாஸில் நெத்திலி மீன் உண்டு. தளதளவென்று ஆடும் இனிப்பில் ஜெலட்டின். இத்தனையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுப்படியில் ஒட்டிவைத்துக்கொள்வார்கள். எழுதிக் கொடுத்தவருக்கு நாங்கள் ஒருபோதும் தவறு செய்யத் துணிய மாட்டோம்.

மிஞ்சியதைப் பார்சல் கட்டிக் கேபினுக்கு எடுத்துப் போகலாமா?
– வாசகர், யா.ஒத்தக்கடை

கூடாது. சூடான பண்டம் 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக்கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேலே ஏறக்கூடாது என்பது கப்பல் அடுப்படியின் சட்டம். அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல்களுக்கு அந்த நாட்டுச் சுகாதாரத் துறை சோதனை வைத்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 85 வாங்கினாலும் தோல்விதான். உங்கள் கேபினில் ராத்திரி முழுக்கக் கிடந்த இறால் யாருடைய கணக்கில் போகும்? ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கப்பல் முழுக்கப் பரவலாம். மூடிய கூட்டில் வாழ்கிறோம் என்பதை மறக்காதீர்கள்.

விருந்துக்கு வேட்டி கட்டிப் போகலாமா?
– வாசகர், நரசிங்கம்

தாராளமாக. பட்டு வேட்டி சட்டை எந்தக் கோட்டுக்கும் குறைந்ததில்லை. அடுப்படி பார்க்கப் போவதாக இருந்தால் மட்டும் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. தரை ஈரமாக இருக்கும்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. சமையல் வீடியோ பார்த்தே வளர்கிறான். அவனை இந்த விருந்துக்கு அழைத்துப் போனால் ஊக்கமாக இருக்குமே?
– வாசகர், ஊமச்சிகுளம்

கப்பலுக்குக் கப்பல் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள், முதலில் அதைக் கேளுங்கள். அனுமதித்தாலும் என் யோசனை வேறு. மூன்று மணி நேரம் பெரியவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு பையன் அசையாமல் உட்கார வேண்டும். அதற்குப் பதில் அடுப்படியைச் சுற்றிக் காட்டும் தனிப் பயணம் பல கப்பல்களில் உண்டு. விலையும் குறைவு, அவன் கேள்விக்கு இடமும் உண்டு.

கப்பலுக்குப் போகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு சாயங்காலம் கறிதோசை போடும் கடைக்கு அழைத்துப் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். தடித்த தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் வெந்த கறி, அப்படியே திருப்பிப் போட்டு, கறிச்சாறு மாவுக்குள் இறங்கும்வரை மாஸ்டர் தோசைத் திருப்பியால் அழுத்திப் பிடிக்கிறார். எப்போது திருப்புவது என்பதை அவர் சத்தத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார். பையனைக் காதைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். சமையல்காரனின் எதிரே நின்று சாப்பிடும் வசதி மதுரைக்காரனுக்குத் தெருவிலேயே இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் அதற்காகத்தான் டாலர் கொடுக்கிறான்.

என் பெரியப்பா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு போனார். அதில் எல்லாம் இப்படி விருந்து இருந்திருக்குமா?
– வாசகர், திருவாதவூர்

அது பிழைக்கப் போனவர்களின் கப்பல் ஐயா. பெரும்பாலானவர்கள் கப்பல் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனார்கள். ராஜுலாவுக்குப் பிறகு வந்த எம்.வி. சிதம்பரமும் 1985 தீ விபத்தோடு முடிந்தது. உங்கள் பெரியப்பா கப்பலில் என்ன சாப்பிட்டார் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் எனக்கு எழுதுங்கள். அதை இந்தப் பக்கத்தில் போட ஆசைப்படுகிறேன்.

விருந்து முடிந்ததும் செஃப்புக்குத் தனியாக டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?
– வாசகி, மாட்டுத்தாவணி

பில்லில் சேவைக் கட்டணம் பெரும்பாலும் சேர்ந்திருக்கும், பாருங்கள். செஃப்புக்கு வேண்டாம். கொடுக்கத் தோன்றினால் பரிமாறிய பையன்களுக்குக் கொடுங்கள். இன்னொன்றும் செய்யுங்கள்: கப்பலை விட்டு இறங்குமுன் கருத்துப் படிவத்தில் அவர்கள் பெயரை எழுதுங்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கு அது உதவும்.

கேட்டரிங் படித்திருக்கிறேன். கப்பலில் வேலைக்கு ஒன்றரை லட்சம் கட்டச் சொல்கிறார் ஒரு ஏஜெண்ட். கட்டலாமா?
– வாசகர், ஒத்தக்கடை

கட்டாதே தம்பி. வேலை வாங்கித் தருவதற்குக் கடலோடியிடம் காசு வாங்குவது சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படியே தடை, நம் நாட்டு விதியும் அதுதான். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். நீ செலவழிக்க வேண்டியது பாஸ்போர்ட்டுக்கும், மருத்துவச் சோதனைக்கும், எஸ்.டி.சி.டபிள்யூ அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிக்கும், சி.டி.சி. எனும் கடலோடிப் பதிவுப் புத்தகத்துக்கும் மட்டும். பயிற்சியைக்கூட அங்கீகாரம் உள்ள நிலையத்தில்தான் எடுக்க வேண்டும். அதற்குள் ஏதாவது ஓட்டலில் ஒரு வருடமாவது அடுப்பில் நின்று பழகு. சான்றிதழ் கைக்கு வந்ததும் எழுது, அடுத்தது சொல்கிறேன்.