டவரும் ஸ்கேனும் பிரஷரும்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தெருவுக்குள் செல்போன் டவர் வரப்போகிறது என்றால், கூடவே ஒரு பேச்சும் கிளம்பும்: கதிர்வீச்சு பட்டு ரத்தக்குழாய் கெட்டுப்போகும், பிரஷர் ஏறும் என்று. எக்ஸ்ரே, ஸ்கேன் என்றாலும் இதே பயம்தான். இதை வெறும் புரளி என்று தள்ள முடியாது. கதிர்வீச்சு ரத்தக்குழாயைக் கெடுக்கும் என்பது நிரூபணமான விஷயம். எந்தக் கதிர், எவ்வளவு என்று கேட்காமல் விட்டதால்தான் பயம் இடம் மாறிப் போய் உட்கார்ந்துகொண்டது.

டவர் கதை சீக்கிரம் முடிந்துவிடும். அதிலிருந்து வருவது ரேடியோ அலை. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் சக்தி அதற்குக் கிடையாது. மிஞ்சிப்போனால் சூடாக்கும், அதற்கும் இடமில்லாதபடி 2012 செப்டம்பரில் இந்தியா தன் வரம்பை சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. ராத்திரியில் டவரடி டீசல் ஜெனரேட்டர் தூக்கத்தைக் கெடுத்தால் பிரஷர் ஏற வாய்ப்புண்டு. டவருக்கு எதிராக மனு கொடுப்பவர்கள் அதை எழுதினால் நியாயம் இருக்கும்.

எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் வேறு ரகம். அவை செல்லுக்குள் மூலக்கூறுகளையே உடைக்கக்கூடியவை. பெரிய அளவில் பட்டால் ரத்தக்குழாயின் உள்சவ்வு புண்பட்டு, சுவர் தடித்து, பல வருஷம் கழித்துக் குழாய் சுருங்கும். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பிய சுமார் 86,000 பேரை 1950 முதல் 2003 வரை கவனித்ததில், அரை கிரேக்கு (கிரே என்பது உடலில் பட்ட கதிரை அளக்கும் அலகு) மேல் வாங்கியவர்களிடம் இதயநோய் தெளிவாகக் கூடியிருந்தது. ஒரு கிரேக்கு 14 சதவீதம் அதிகம். நெஞ்சு சி.டி. ஒன்றில் படுவது சுமார் 7 மில்லிசீவர்ட்; கிரே கணக்கில் ஆயிரத்தில் ஏழு பங்கு. அரை கிரேயை எட்ட எழுபது ஸ்கேன் எடுக்க வேண்டும். குறைந்த அளவிலும் ஆபத்து இருக்கலாம் என்று 2023-ல் 93 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொன்னார்களே என்று கேட்கலாம். இருக்கட்டும். அவர்கள் கணக்கு கிரேக்கு 11 சதவீதம். சிறிய அளவில் அது சில மடங்கு கூடும் என்றே வைத்தாலும் ஒரு ஸ்கேனுக்கு ஒரு சதவீதத்தைத் தொடாது. பிரஷர் கணக்கைப் பாருங்கள்: சுமார் பத்து லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்து 2002-ல் வந்த ஆய்வின்படி, 40 முதல் 69 வயதுக்குள் பிரஷரின் மேல் அளவு 20 கூடினாலே பக்கவாதத்தில் சாவது இரு மடங்குக்கு மேல், மாரடைப்பில் சாவது இரு மடங்கு. அதே உள்சவ்வைத்தான் பிரஷரும் அரிக்கிறது, அதுவும் அன்றாடம். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. தலைசுற்றல் நின்றுவிட்டது என்று அதை டப்பாவில் போட்டு வைத்துவிட்டு டவரை முறைப்பவர்களை என்ன சொல்ல!

உண்மையில் கவலைப்பட வேண்டியவர்கள், மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய் புற்றுநோய்க்குக் ‘கரண்ட்’ (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொண்டவர்கள். வாய், தொண்டைப் புற்றுக்கு 60, 70 கிரே வரை கொடுக்கிறார்கள். மார்பகப் புற்றுக்குக் கரண்ட் வைத்த பெண்களைப் பற்றி ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் நடந்த ஆய்வு 2013-ல் வந்தது. இதயத்தில் பட்ட ஒவ்வொரு கிரேக்கும் இதயநோய் ஆபத்து 7.4 சதவீதம் கூடியது. கழுத்தில் வைத்தால் மூளைக்குப் போகும் குழாய் வருஷங்கள் கழித்துச் சுருங்கலாம். ரத்த அழுத்தத்தை உணரும் நரம்புமுனைகளும் அங்கே இருக்கின்றன. அவை கெட்டால் பிரஷர் ஒரு நேரம் எகிறும், இன்னொரு நேரம் சரியும். வயிற்றில் வைத்தபோது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சிக்கினாலும் பிரஷர் ஏறும். ஆகவே கதிருக்கும் பிரஷருக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் தப்பு. அப்படியானால் கரண்டே வேண்டாமா? புற்று அதற்குள் ஆளைக் கொன்றுவிடும். கரண்ட் வைத்தவர் பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதுதான் வழி. பத்து வருஷம் ஆகியிருந்தாலும் டிஸ்சார்ஜ் சீட்டை பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் காட்ட வேண்டும்; ஒரே ஒரு அளவை வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று அவருக்கு அப்போதுதான் தெரியும். கழுத்துக் குழாயைப் பார்க்க டாப்ளர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் பயமின்றி எடுக்கலாம். அது ஒலி அலை. அதில் கதிர்வீச்சே கிடையாது.