எழுத்தெண்ணிப் படித்தல்: மனித மரபுத்தொகுதியின் வரைபடமும் வரிசையும்

தமிழ்த்துறை மலரில் டி.என்.ஏ. பற்றிய கட்டுரைக்கு இடம் ஏது எனச் சான்றோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நாம் அறிவியல் பயின்றவர் அல்லோம். இலக்கணமும் சுவடிப் பதிப்பும் பயிற்றுவித்து வருபவர். ஆயினும், மனித உடலின் ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவிலும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட, 300 கோடி எழுத்து நீளமுள்ள நூலொன்று தாய்வழிப் படி ஒன்றும் தந்தைவழிப் படி ஒன்றுமாக இருக்கிறது என்றும், அதனை ஓரெழுத்தும் விடாது படிக்க அறிஞர் பல்லாண்டு உழைத்தனர் என்றும் அறிந்தபோது, இது நம் துறைக்கு அயலான செய்தி அன்று எனத் தோன்றிற்று. எழுத்தெண்ணிப் படித்தல் என்னும் வழக்கு நம்முடையதன்றோ!

முதலில் இரு சொற்களை வேறுபடுத்திக்கொள்வோம். மரபுத்தொகுதியை வரைபடமாக்குதல் என்பது ஒன்று. அதன் எழுத்து வரிசையைப் படித்தல் என்பது வேறொன்று. ஒரு பெருஞ்சுவடிக் கட்டில் இன்ன செய்தி இன்ன ஏட்டை ஒட்டி இருக்கிறது எனக் குறித்து வைப்பது முன்னது. ஏட்டைப் பிரித்து எழுத்தெழுத்தாகப் பாடத்தைப் பெயர்த்தெழுதுவது பின்னது. உலகில் முதலில் நிகழ்ந்தது வரைபடமே. எழுத்து எதுவென்றே அறியாத காலத்தில் வரைபடம் வரையத் தொடங்கிவிட்டனர் என்பது வியப்பானது.

நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் என்பார் பழ ஈக்களை வளர்த்து ஆய்ந்து வந்தார். அவரிடம் பயின்ற ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டெவன்ட் என்னும் மாணவர், ஈக்களின் ஆறு மரபுக் காரணிகள் ஒரே குரோமோசோமில் எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் அமைந்துள்ளன எனக் கணக்கிட்டு 1913-இல் வெளியிட்டார். அவர் கையாண்ட உத்தி எளியது. இனப்பெருக்க அணுக்கள் உருவாகும்போது, இணையான இரு குரோமோசோம்கள் தம்முள் சில துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இரு சுவடிக் கட்டுகளை ஏதோ ஓரிடத்தில் பிரித்து, ஒன்றன் பின்பாதியை மற்றொன்றின் முன்பாதியோடு சேர்த்துக் கட்டுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு ஏடுகள் பிரிவது அரிது. முதல் ஏடும் கடைசி ஏடும் பிரிவது எளிது. ஆகவே இரண்டு பண்புகள் எவ்வளவு அடிக்கடி பிரிகின்றன என எண்ணினால், அவற்றிடையே உள்ள தொலைவு தெரிந்துவிடும்.

டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தை 1953-இல் கேம்பிரிட்ஜில் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டனர். அதற்குத் துணைநின்ற எக்ஸ்-கதிர்ப் படம் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினுடைய ஆய்வில் எடுக்கப்பட்டது. அவர் அறியாமலே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1962-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது அவ்வம்மையார் இறந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. மனிதனுக்குக் குரோமோசோம்கள் 48 என்றே 1956 வரை பாடநூல்கள் கூறி வந்தன. ஜோ ஹின் ட்ஜியோ, ஆல்பர்ட் லெவான் ஆகிய இருவரும் எண்ணிப் பார்த்து 46 என்றனர். அச்சில் வந்ததையெல்லாம் அப்படியே மனப்பாடம் செய்யும் நம் மாணவர்கள் இதனை நினைவிற்கொள்வது நலம்.

மரக்காய்போ ஏரிக்கரை

ஈக்களுக்கு வரைந்ததைப்போல மனிதருக்கு வரைபடம் வரைவது எளிதன்று. மனிதரை வேண்டியவாறு இணைசேர்த்துப் பார்க்க இயலாது; தலைமுறையோ நீண்டது; மக்களும் சிலர். 1980-இல் டேவிட் பாட்ஸ்டீன் முதலிய நால்வர் ஒரு வழி கூறினர். கண்ணுக்குத் தெரியும் பண்புகளுக்காகக் காத்திராமல், ஆளுக்கு ஆள் டி.என்.ஏ.விலேயே காணப்படும் சிறு வேறுபாடுகளை மைல்கற்களாக நட்டுக்கொள்ளலாம் என்பது அவ்வழி. மைல்கல் உண்டு, நடந்து பார்க்கப் பெருங்குடும்பம் ஒன்று வேண்டும். அது தென்னமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டின் மரக்காய்போ ஏரிக்கரையில் கிடைத்தது.

ஹன்டிங்டன் நோய் என்பது நடுவயதில் தொடங்கும் மூளைநோய். கைகால்கள் தாமே ஆடத் தொடங்கும், பேச்சுக் குழறும், அறிவு தேயும், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சாவில் முடியும். பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின், பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. நோய் வெளிப்படும் முன்னரே அவர்கள் மணந்து மக்களைப் பெற்றுவிடுவர். 1872-இல் ஜார்ஜ் ஹன்டிங்டன் என்னும் இளம் மருத்துவர் இதனை விரித்தெழுதினார். அவருடைய தந்தையும் பாட்டனாரும் அதே ஊரில் மருத்துவராக இருந்து, ஒரே குடும்பங்களை மூன்று தலைமுறையாகக் கண்டிருந்தமையால் அவருக்கு அது இயன்றது.

நான்சி வெக்ஸ்லர் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் தாயாருக்கு 1968-இல் இந்நோய் எனத் தெரியவந்தது. தாயாரின் உடன்பிறந்த ஆண்கள் அதனால் இறந்திருந்தும், அது ஆண்களுக்கே வருவது என அவ்வீட்டில் நம்பியிருந்தனர். (குடும்ப நோயை வெளியிற் சொன்னால் மணவினை தடைப்படுமென அஞ்சி மறைப்பது நம் ஊர்களிலும் இல்லாததன்று.) தந்தையார் மில்டன் வெக்ஸ்லர் ஆய்வுக்கென ஓர் அறக்கட்டளை தொடங்கினார். தாயார் 1978-இல் காலமானார். மரக்காய்போ ஏரிக்கரைச் சிற்றூர்களில் இந்நோய் மிகுதி என்பதை அமெரிக்கோ நெக்ரெத்தே என்னும் வெனிசுவேலா மருத்துவர் 1950-களிலேயே கண்டிருந்தார். நான்சி ஆய்வுக் குழுவொன்றுடன் 1981 முதல் ஆண்டுதோறும் அங்குச் சென்றார். பார்ரன்கீத்தாஸ், லகுனேத்தாஸ், சான் லூயிஸ் எனச் செம்படவரும் ஏழைகளும் வாழும் இடங்கள் அவை. நோயை அம்மக்கள் 'எல் மால்', அதாவது 'தீயது' என்றே அழைத்தனர்.

வந்தவர்கள் குருதி கேட்டனர். தோலில் சிறு துணுக்கும் கேட்டனர். ஊரார் தயங்கினர். நான்சி தம் கையில் தோல் எடுத்த தழும்பைக் காட்டி, தம் தாயும் இந்நோயால் இறந்தவரே, தாமும் அதே ஐயத்தில் வாழ்பவரே எனத் தெரிவித்தார். அதன்பின் கைகள் நீண்டன. நமக்கு இவ்வரலாற்றில் ஆய்வுக்கருவிகளைக் காட்டிலும் அத்தழும்பே பெரிதாகத் தெரிகிறது. காலப்போக்கில் 4,000-க்கு மேற்பட்டோர் குருதி ஈந்தனர். 18,000-க்கு மேற்பட்டோர் இடம்பெற்ற குடிவழிப் பட்டியல் வரையப்பட்டது.

குருதிக் குப்பிகள் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் குசெல்லாவிடம் சென்றன. பல்லாண்டு ஆகுமெனப் பலர் கருதினர். சில மைல்கற்களைச் சோதித்த அளவிலேயே, நான்காம் குரோமோசோமில் உள்ள ஒன்று நோயோடு ஒட்டியே செல்வது 1983-இல் தெரிந்தது. நோயின் ஊர் தெரிந்துவிட்டது. வீடு தெரிய மேலும் பத்தாண்டுகள் ஆயின. 1993 மார்ச்சில், ஆறு ஆய்வுக் குழுக்களைச் சேர்ந்த 58 பேர் ஒருங்கே மரபணுவை அறிவித்தனர். அதில் 'சி, ஏ, ஜி' என்னும் மூன்றெழுத்து அடுத்தடுத்துத் திரும்ப வருகிறது. 35 முறை வரையிருந்தால் நோயில்லை. 40 அல்லது அதற்கு மேலெனில் நோய் உறுதி. எண்ணிக்கை கூடக் கூடப் பொதுவாக நோய் இளமையிலேயே தொடங்கும். ஏடெழுதுவோன் கண் தடுமாறி ஒரே சொல்லை இருமுறை எழுதிவிடுவதைச் சுவடி பார்ப்போர் அறிவர். அதை நாம் அடைப்புக்குறியிட்டு விலக்கிவிடுகிறோம். இங்கு விலக்க முடிவதில்லை.

நான்கெழுத்தின் நெடுங்கணக்கு

இனி எழுத்து வரிசையைப் படித்த முறையைக் காண்போம். 1977-இல் கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் சாங்கர் கண்ட வழி இது. படிக்க வேண்டிய இழையைப் பல படிகளாக எடுக்கச் செய்வர். அப்போது, படியெடுப்பை அவ்விடத்தோடு நிறுத்திவிடும் மாற்றெழுத்துகளைச் சிறிதளவு கலப்பர். ஆகவே சில படிகள் பத்தாம் எழுத்தில் நிற்கும், சில பதினோராம் எழுத்தில், சில பன்னிரண்டில். அவற்றை நீள வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் ஈற்றெழுத்தை மட்டும் படித்துச் சென்றால் முழுத்தொடரும் கிடைத்துவிடும். அவ்வாண்டு அவர் படித்து வெளியிட்டது 5,400 எழுத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு நச்சுயிரியின் தொகுதி. ஒரு முறையில் சில நூறு எழுத்துகளே படிக்க இயலும் என்பதால், 300 கோடி என்பது கனவாகவே இருந்தது.

1990-இல் 15 ஆண்டுகள், 300 கோடி டாலர் என்னும் மதிப்பீட்டுடன் மனித மரபுத்தொகுதித் திட்டம் தொடங்கப்பட்டது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, ஜப்பான், சீனா ஆகிய ஆறு நாடுகள் பங்கேற்றன. இந்தியா அதில் இல்லை. முதலில் வரைபடம், பின்னர் வரைபடத்தில் இடம் தெரிந்த பெருந்துண்டுகளைச் சிறு துண்டுகளாக்கிப் படித்தல் என்பது அவர்கள் முறை. 1998-இல் கிரெய்க் வென்ட்டர் என்பார் செலரா என்னும் வணிக நிறுவனத்தைத் தொடங்கி, வரைபடம் வேண்டாம், அனைத்தையும் ஒருங்கே துண்டாக்கிப் படித்துக் கணிப்பொறியால் கோக்கலாம் என்றார். போட்டி மூண்டது.

போட்டியின் உட்பொருள் வேகம் மட்டுமன்று, உரிமை. பொதுத்திட்டத்தார் 1996-இல் பெர்முடாவில் கூடி, படித்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் உலகோர் அனைவருக்கும் வெளியிடுவது என உறுதி பூண்டனர். நிறுவனமோ கட்டணம் செலுத்துவோர்க்கே முழுமையாகத் தர எண்ணியது. கலிபோர்னியாவின் சான்டா குரூஸில் ஜிம் கென்ட் என்னும் ஆய்வு மாணவர் சில வாரங்கள் இரவு பகலாக உழைத்து, பொதுத்திட்டத்தின் துண்டுகளைக் கோக்கும் நிரலை எழுதி முடித்தார். 2000 ஜூன் 26-இல் வெள்ளை மாளிகையில் இருதரப்பாரும் ஒருங்கே முதல்வரைவை அறிவித்தனர். மரபணுவுக்குக் காப்புரிமை கோரும் வழக்கு அதன் பின்னும் நீடித்தது. இயற்கையில் உள்ள டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தமைக்காகவே அதற்குக் காப்புரிமை பெற முடியாது என 2013-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

யாருடைய ஏட்டைப் படித்தனர்? 1997-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகர நாளிதழில் விளம்பரம் செய்து குருதி பெற்றனர். ஈந்தவர் பெயர்களை அழித்துவிட்டனர். மூலப்பாடமாக இன்று வழங்குவதில் ஏறத்தாழ 70 விழுக்காடு, பெயர் தெரியாத ஒரே ஆடவருடையது.

2003 ஏப்ரலில் திட்டம் முடிந்ததாக அறிவித்தனர். ஒரு லட்சம் மரபணுக்கள் இருக்கும் என்றிருந்த எதிர்பார்ப்பு, ஏறத்தாழ 20,000 எனச் சுருங்கியது. புரதத்துக்கு நேரே குறியாக அமைபவை மொத்த எழுத்துகளில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. எஞ்சியதைக் 'குப்பை' என்றவர்களும் இருந்தனர். பொருள் விளங்காத பாடலை இடைச்செருகல் என ஒதுக்கும் உரைகாரரும் நம்மிடையே உண்டு. அப்பகுதிகளில் பல, மரபணு எப்போது இயங்க வேண்டும் என்பதை ஆள்பவை எனப் பின்னர் அறிந்தனர்.

உண்மையில் நூல் 2003-இல் முடியவில்லை. ஒரே தொடர் மீண்டும் மீண்டும் வரும் இடங்களில் துண்டுகளைக் கோக்க இயலாமல் ஏறத்தாழ எட்டு விழுக்காடு விடுபட்டிருந்தது. நீண்ட தொடர்களை ஒருங்கே படிக்கும் கருவிகள் வந்த பின், 2022-இல் 305 கோடி எழுத்துகளும் இடைவெளியின்றி வெளியாயின. ஆண்களுக்குரிய 'ஒய்' குரோமோசோம் 2023-இல் நிறைவுற்றது. அதே 2023-இல், 47 பேருடைய தொகுதிகளை ஒருங்கிணைத்த வரைவும் வந்தது. ஆளுக்கு ஆள் ஆயிரத்துக்கு ஓரெழுத்து அளவில் வேறுபடுவதால், ஒரே ஏட்டை மூலமெனக் கொள்வது போதாது என உணர்ந்தனர். பாடபேதம் குறிக்காத பதிப்பு பதிப்பாகாது என்பதை நாம் முன்பே அறிவோம். பத்தாயிரம் இந்தியரின் தொகுதிகளைப் படிக்க 2020-இல் தொடங்கிய திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்டன.

மரக்காய்போவுக்கு மீள்வோம். அம்மக்கள் ஈந்த குருதியால் பிறந்த சோதனை உலகெங்கும் செய்யப்படுகிறது. ஒரு துளியில், வருமா வராதா எனச் சொல்லிவிடலாம். ஆயின் நோயை நீக்கும் மருந்து இல்லை. சோதனை வருமுன், வந்தால் செய்துகொள்வோம் என்றவர் பலர். வந்தபின் முன்வந்தோர் சிலரே. ஏரிக்கரையில் நோயாளிகளைப் பேண 1999-இல் ஓர் இல்லம் தொடங்கப்பட்டது, வறுமை நீங்கவில்லை.

தாம் சோதித்துக்கொண்டாரா என்னும் கேள்விக்கு நான்சி வெக்ஸ்லர் பல்லாண்டுகள் பொதுவில் விடை கூறவில்லை. அவருடைய நடையும் பேச்சும் தளர்வதை உடனிருந்தோர் கண்டும் வாய் திறக்கவில்லை. தாயாரின் நோய் தமக்கும் வந்திருப்பதை 2020-இல், தம் 74-ஆம் வயதில், அவரே வெளிப்படக் கூறினார்.